வாரத்துக்கு ஆறு மணி நேரம்

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் எனக்கென்று எழுதிக்கொள்வது ஆறு. நீச்சலுக்கு ஒன்றரை, சைக்கிளுக்கு இரண்டரை, ஓட்டத்துக்கு இரண்டு. மீதியெல்லாம் வானொலிக்கும் வீட்டுக்கும் ஐந்து வயது மகனுக்கும் தூக்கத்துக்கும்.

இந்த ஆறு மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மற்ற 162 மணி நேரம் எங்கே போகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

டிரையத்லான் என்றதும் பலருக்கு ‘அயன்மேன்’தான் நினைவுக்கு வரும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பயப்படாதீர்கள், அது நானில்லை. நான் கலந்துகொள்வது ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் குறுந்தூரப் போட்டி. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் நடப்பது இதைப்போல் இரு மடங்கு. ஸ்பிரின்ட் என்ற பெயரை நம்பி நான் பறப்பேன் என்று எண்ணிவிட வேண்டாம். போன முறை எனக்கு ஆன நேரம் 1 மணி 58 நிமிடம். பரிசு வாங்கியவர்கள் குளித்து, உடைமாற்றி, காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

<b>மூச்சு</b>

நீச்சல் கற்றுக்கொண்டது 31 வயதில். அதுவரை மார்பளவு தண்ணீர்தான் என் எல்லை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா யாருக்கும் நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால் பாய் விரிப்போம், புளிச்சாதம் சாப்பிடுவோம், காலை நனைப்போம், திரும்பிவிடுவோம்.

என் தொழில் மூச்சை மறைப்பது. மைக்கின் முன்னால் மூச்சிழுக்கும் சத்தம் கேட்கக்கூடாது. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, நேயருக்குத் தெரியாமல் கொஞ்சம் காற்றைத் திருடிக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். தண்ணீரில் இந்தத் திறமை ஒன்றுக்கும் உதவாது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சு முழுவதையும் குமிழியாக வெளியே விட்டுவிட வேண்டும். அப்போதுதான் தலையைத் திருப்பும் அரை நொடியில் புதுக் காற்றை இழுக்க முடியும். உள்ளே அடக்கிவைத்தால் இருபது மீட்டரில் நெஞ்சு அடைக்கும். ‘விடுங்க, முழுசா விடுங்க’ என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டே இருந்தார். அது உடம்புக்குப் புரிய நான்கு மாதம் ஆனது.

காலை நிகழ்ச்சி இருக்கும் வாரங்களில் பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும். பதினொரு மணிக்கு எங்கள் வட்டார நீச்சல் குளத்தில் இருப்பேன். அந்நேரத்தில் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, தவளைபோல் நிதானமாக நீந்துவார்கள். சீனத் தாத்தா ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்று விடுமுறையா என்று கேட்பார். இல்லை, வேலை முடிந்துவிட்டது என்பேன். நம்பியதே இல்லை. வானம் இருண்டு மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் உயிர்காப்பாளர் விசிலடித்து எல்லாரையும் கரையேற்றிவிடுவார். அப்புறம் நாங்கள் அனைவரும் கூரைக்கடியில் வரிசையாக உட்கார்ந்து வானத்தைப் பார்ப்போம். சிங்கப்பூரில் நீச்சல் பழகுவதில் பாதி, இப்படிக் காத்திருக்கப் பழகுவது.

வெட்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல பெண்கள் தயங்குவது தண்ணீருக்காக அல்ல, உடைக்காக. முழங்கால் வரையும், கணுக்கால் வரையும், முழுக்கையோடும் நீச்சலுடைகள் கடைகளில் இருக்கின்றன. நான் போடுவதும் முழங்கால்வரை வருவதுதான். முடிக்கு ஒரு யோசனை: குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துவிட்டுத் தொப்பியைப் போடுங்கள். ஏற்கனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரை அதிகம் குடிக்காது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நானும் விடவில்லை.

<b>மின்தூக்கியில் ஒரு சைக்கிள்</b>

என் சைக்கிள் இரண்டாம் கை. கேரோசெல்லில் 600 வெள்ளிக்கு வாங்கியது. வீவக வீட்டில் அதற்கென்று இடமில்லை. துணிமணி அலமாரிக்கும் சாமி மாடத்துக்கும் நடுவே சாய்ந்து நிற்கிறது. பல நாள்களில் அதற்கும் ஊதுபத்தி வாசனை.

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு மின்தூக்கியில் அதைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்திக்கொண்டு இறங்குவேன். நம்மூரில் விடிவதற்கு ஏழு மணி ஆகும் என்பதால் முதல் இரண்டு மணி நேரமும் விளக்கு வெளிச்சம்தான். ஈஸ்ட் கோஸ்ட் கடலோரப் பாதையில் சாங்கியை நோக்கிப் போவேன். சைக்கிள் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். எனக்கு அந்த வரம்பால் பெரிய சிரமம் ஏதுமில்லை.

சைக்கிளை நிறுத்திவிட்டு உடனே ஓடும் பயிற்சிக்கு ‘பிரிக்’ என்று பெயர். செங்கல். முதல் பத்து நிமிடத்துக்குக் கால் அப்படித்தான் இருக்கும், நம்முடையதே இல்லை என்பதுபோல. அப்புறம் மெல்ல நம்மிடம் திரும்பி வரும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது அந்தத் திரும்பி வரும் நிமிடம்.

போட்டி நாள் தனி. காலையில் அதே கரையில் கூட்டமாக நிற்போம். தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்கள். கடல் நீர் கலங்கலாக இருக்கும், நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. சில வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவை எங்கே என்று பார்த்துத்தான் திசையைக் காத்துக்கொள்ள வேண்டும். பயம் வந்தால் பாதுகாப்புக்கு நிற்கும் கயாக் படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டே முன்னே நகராதவரை தகுதி போகாது. முதல் போட்டியில் இரண்டு முறை பிடித்தேன்.

கரையேறியதும் ஓடிப்போய் சைக்கிளை எடுக்க வேண்டும். அங்கே கடிகாரம் நிற்காது. உடைமாற்றும் நேரம், சப்பாத்து போடும் நேரம் எல்லாம் மொத்தக் கணக்கில் சேரும். தலைக்கவசத்தை மாட்டிப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கலாம். வானொலிக்காரிக்கு இது பழக்கமான இடம். ஒரு பாட்டு முடிந்து அடுத்த விளம்பரம் தொடங்குமுன் கிடைக்கும் பதினைந்து நொடியில் நாங்கள் ஒரு குடும்பமே நடத்துவோம்.

<b>‘எதுக்கும்மா இதெல்லாம்?’</b>

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போனால் முறுக்கு வருமுன் இந்தக் கேள்வி வரும். ‘கறுத்துட்டியேம்மா’ என்று ஓர் அத்தை தொடங்குவார். ‘அதான் கல்யாணம் ஆயிடுச்சே, பரவால்ல’ என்று இன்னொருவர் ஆறுதல் சொல்வார். கடைசியில் எல்லாரும் வந்து சேரும் இடம், எதுக்கு?

என்னிடம் நல்ல பதில்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு நீரிழிவு, இருபது ஆண்டுகளாக மருந்து. நம் சமூகத்தில் அது அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சேதி. ‘உடம்புக்கு நல்லது, சர்க்கரை வராம பார்த்துக்கணும்’ என்றால் உடனே தலையாட்டுவார்கள். பேச்சு மருந்து மாத்திரைகளுக்கு மாறிவிடும். தப்பித்துவிடுவேன்.

அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் காரணமும் அதுவல்ல. சர்க்கரைக்காகத்தான் என்றால் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் போதுமே. அதற்காக யாரும் விடியற்காலையில் கலங்கிய கடலில் குதிக்கத் தேவையில்லை.

என் கணவர் வியாழக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு ஃபுட்சால் விளையாடப் போகிறார். ஒன்பது ஆண்டுகளாகப் போகிறார். எந்தத் தீபாவளியிலும் எவரும் அவரிடம் எதுக்கு என்று கேட்டதில்லை. ஆண் விளையாடப் போகிறான், அவ்வளவுதான். பெண் போவதென்றால் ஒரு சான்றிதழ் வேண்டும். உடல் இளைக்க, நோய் வராமல் இருக்க, நன்கொடை திரட்ட, பிள்ளைக்கு முன்மாதிரியாக இருக்க. வேறு யாருக்காவது பயன்பட்டால்தான் அவளுடைய ஓய்வு நேரம் செல்லுபடியாகும்.

இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று ஒருமுறை நிகழ்ச்சிக்காகத் தேடிப் படித்தேன். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே என்ற இடம். அங்கிருந்த ஓட்டக்காரர் சங்கம் ஒன்று ஓடுவது, சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது மூன்றையும் கலந்து ஒரு போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். எனக்குப் பிடித்த செய்தி, அது ஒரு புதன்கிழமை மாலை. வார நாளில், மாலை நேரத்தில், கடலோரத்தில் கூடி விளையாடியிருக்கிறார்கள். ஹவாயியின் அயன்மேன் 1978இல் வந்தது, 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கிலும் நுழைந்தது. இத்தனைக்கும் மூலம், ஒரு புதன்கிழமை மாலையில் 46 பேர் சேர்ந்து விளையாடிய விளையாட்டு.

<b>அத்தையின் கணக்கு</b>

என் ஆறு மணி நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ கொடுப்பதால் கிடைக்கிறது. சனிக்கிழமை காலை நான் கடலோரத்தில் இருக்கும்போது மகனுக்குப் பால் கலக்குபவர் கணவர். வார நாளில் நான் குளத்தில் இருக்கும்போது அவனைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர் மாமியார். அதனால் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒரு நாள்காட்டி ஒட்டியிருக்கிறோம். என் பயிற்சி நீலம். அவருடைய ஃபுட்சால் பச்சை. யார் வெளியே, யார் வீட்டில் என்று பார்த்ததும் தெரியும். தகராறு குறைந்துவிட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் சைக்கிளைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு ஒருநாள், சமையலறைச் சன்னலருகே நீச்சலுடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார்.

‘நாங்க செம்பவாங்ல, நேவல் பேஸ் குவாட்டர்ஸ்லதானே இருந்தோம். கடல் பக்கத்துலேயே. அண்ணனுங்க எல்லாம் குதிப்பானுங்க. நான் அவங்க சட்டையைப் பார்த்துக்கிட்டு கரையில உக்காந்திருப்பேன்.’

‘நீங்க இறங்கினதே இல்லையா அத்தை?’

‘கணுக்கால் வரைக்கும். ஆனா ஓட்டத்துல என்னை யாரும் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்துல நான்தான் முதல். வயசுக்கு வந்ததும் ஓடக்கூடாதுன்னுட்டாங்க. அதோட சரி.’

அவ்வளவுதான் சொன்னார். வெங்காயத்தை நறுக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் குரலில் வருத்தம் இல்லை, யார் மேலும் புகார் இல்லை. பழைய முகவரியைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் கையிலிருந்த துணியை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

அறுபதைத் தாண்டிய ஒருவரின் வாழ்க்கையில் நாள்காட்டியில் எழுதத்தக்க ஒரு மணி நேரம்கூட அவர் பெயரில் இல்லை. பிள்ளை வளர்ப்பு, வேலை, வீடு, இப்போது பேரன். அன்றிரவு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ‘உங்களுக்கு எந்த நாள் வேணும் அத்தை?’ என்றேன். எதற்கு என்று அவரும் கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்விதான். ‘சும்மா’ என்றேன். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, ஞாயிறு காலை என்றார்.

அவர் ஓடப் போகவில்லை, கடலில் இறங்கவும் இல்லை. ஞாயிறுதோறும் பேருந்து ஏறிச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போகிறார். அங்கே பழைய தோழிகள் மூவர் வருவார்கள். சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு பேசுவார்கள். வாளியில் வெந்நீர் பிடித்து முட்டை அவிப்பார்கள். மதியம் திரும்பும்போது முகம் சிவந்திருக்கும், பையில் எங்களுக்கு மூன்று முட்டை இருக்கும்.

என்ன பேசினீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். சொல்ல மாட்டார். நாங்களும் வற்புறுத்துவதில்லை. முட்டையை உரித்து, கொஞ்சம் மிளகும் உப்பும் தூவிச் சாப்பிடுகிறோம்.