கடைமடைக்கு ஒரு பஸ்

தஞ்சைத் தரணி முழுவதும் பண்டுதொட்டே காவிரி பாய்ந்த நிலம் என்று எண்ணுவோர் பலர். எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் அத்தகையதன்று. மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்ற காலத்திலேதான் கல்லணைக் கால்வாய் வழியே காவிரி நீர் இவ்வானம் பார்த்த பூமியை எட்டிற்று. ஊரார் இன்றும் அதனைப் ‘புது ஆறு’ என்றே வழங்குகின்றனர். பெருங்கால்வாயை வெட்டியதோடு பணி முடிந்ததென்று எவரும் இருந்துவிடவில்லை. கிளை வாய்க்காலும் மதகும் அமைத்துக் கடைமடை வயல் வரை நீரைக் கொண்டு சென்றனர். பஸ்ஸுக்கு வழி வகுப்போரும் இங்ஙனமே கடைமடையை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது என் துணிபு.

ஒரத்தநாட்டிற்கு இருப்புப்பாதை இல்லை. தஞ்சையினின்று பட்டுக்கோட்டை செல்லும் பெருவழியே அதற்கு உயிர்நாடி. சேது யாத்திரை செல்வோர் தங்குதற்கென இரண்டாம் சரபோஜி மன்னர் எடுப்பித்த முக்தாம்பாள் சத்திரம் இவ்வூரிலேயே உள்ளது; வழிப்போக்கரை நினைந்து பிறந்த ஊர் எனலாம். பெருவழியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. உட்கிராமங்களின் நிலையோ வேறு.

எங்கள் சிற்றூர் பெருவழியினின்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். என் தங்கை மேல்நிலை வகுப்பில் அறிவியற் பிரிவையே பெரிதும் விரும்பினாள். செய்முறை வகுப்பு முடியுமுன் மாலை பஸ் புறப்பட்டுவிடும். நடவுக் காலத்தில் தந்தையார் சைக்கிளோடு சாலையிற் காத்து நிற்றலும் இயலாது. ஆதலின் அன்னையார் அவளை வேறு பிரிவிற் சேர்த்துவிட்டார். ஏறியவர் எத்தனை பேர் என்பதை டிக்கெட்டுக் கணக்கு காட்டும். பஸ் இன்மையாற் படிப்பையே மாற்றிக்கொண்டவளை எந்தக் கணக்கு காட்டும்?

நிற்க. தமிழக அரசு 1997-இல் மினி பஸ் திட்டத்தைக் கொணர்ந்தது இக்குறை நீக்கவே. புதிய திட்டம் 2025 ஜூன் 16 அன்று தஞ்சையிலேயே தொடங்கப்பெற்றது. வழித்தடம் 25 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. அதில் நூற்றுக்கு 65 பங்கேனும் இதுகாறும் பஸ் செல்லாத பாதையாதல் வேண்டும் என்பது விதி. நல்ல விதியே. ஆயினும் வண்டி ஓட்டுவோர் தனியார். 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. மினி பஸ்ஸிலோ உண்டு. இரண்டும் ஓடும் பாதையில் பெண்கள் எதில் ஏறுவர் என்பது சொல்லாமலே விளங்கும். எஞ்சிய உட்பாதையின் வசூல் டீசலுக்குப் போதாதெனின், கூட்டமில்லாத நடையை ஒருவன் கைவிடுவதிலும் வியப்பில்லை. அவனை மட்டும் வைது பயனென்ன? கட்டணமின்றி ஏறும் பெண்களுக்காக அரசு தன் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. உட்பாதையிற் செல்லும் மினி பஸ்ஸுக்கும் அங்ஙனம் ஈந்தால் என்ன?

பெர்மிட் வழங்குங்கால் நேரமும் உடன் குறிக்கப்படுகிறது. வழித்தடத்தினும் நேரமே பெரிதென்பேன். காலந்தவறி வந்த தண்ணீரால் குறுவைக்கு என்ன பயன்? எனவே அந்நேரத்தை ஊராரைக் கேட்டுக் குறித்தல் தகும். பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சிறப்பாகக் கேட்டல் வேண்டும். அக்டோபர் 2-ஆம் நாள் எங்கள் கிராம சபை கூடும்போது அளிப்பதற்கு ஒரு மனு எழுதியுள்ளேன். மாலை பஸ் எத்தனை மணிக்கு வேண்டும் என்னும் இடத்தை வெற்றிடமாக விட்டுத் தங்கையிடம் கொடுத்தேன். ‘ஆறு மணி’ என்று அவளே எழுதினாள். அவளுக்கு இனி அது பயன்படாது. அடுத்த தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்கள் மூவர் இருக்கின்றனர்.