பச்சை ஃபில்டர்

காதுக்குள் செருகிக்கொள்ளும் காஸ்ட்லியான இயர்ஃபோன் வைத்திருப்பவரிடம் வாங்கின ஒரு மாசத்தில் கேட்டுப் பாருங்கள். 'முதல்ல கொஞ்சம் கூர்மையா குத்திச்சு சார், ஓட ஓட செட் ஆயிடுச்சு' என்பார். அதே ஆளைப் பத்து வருஷம் கழித்துக் கேளுங்கள். 'முன்ன மாதிரி இல்லை சார்' என்பார். இரண்டையும் நம்பலாம். ஆனால் இரண்டு மாற்றத்திலும் அந்த இயர்ஃபோனின் பங்கு ரொம்பச் சொற்பம்.

என்னிடம் இருப்பது எட்டிமோட்டிக் ஈஆர்-4எஸ். 2004-ல் என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்தார். 300 டாலர் சுமார். டாலர் அப்போது 45 ரூபாய். 'கிட்டத்தட்ட மூணு சவரன்' என்று என் மனைவி அன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள். இன்றைய தங்க விலையில் அந்தக் கணக்கை அவள் மறுபடி போடாமல் இருப்பது பெருந்தன்மை.

எட்டிமோட்டிக் என்பது கிரேக்க வேர்களிலிருந்து உண்டாக்கிய பெயர். 'காதுக்கு உண்மையான' என்று அர்த்தம். காது மெஷின் ஆராய்ச்சியில் ஊறிய மீட் கில்லியன் 1983-ல் சிகாகோ பக்கத்தில் ஆரம்பித்த கம்பெனி. 1991-ல் ஈஆர்-4 வந்தது. சாதாரண ஸ்பீக்கரில் இருக்கும் கூம்பெல்லாம் இதில் கிடையாது. கம்பிச் சுருளுக்குள்ளே, இரண்டு காந்தங்களுக்கு நடுவில், மெல்லிசாக ஓர் உலோக நாக்கு. மின்சாரத்துக்கு ஏற்ப அது துடித்து ஒரு குட்டிச் சவ்வைத் தள்ளுகிறது. 'பேலன்ஸ்டு ஆர்மச்சர்' என்று பெயர். காது கேளாதவர்களுக்காகப் பல காலம் உழைத்த சமாசாரம், பிற்பாடு காது நன்றாகக் கேட்பவர்களுக்கு ஆடம்பரமாயிற்று.

'ஓட ஓட செட் ஆகும்' என்கிற நம்பிக்கைக்கு வருவோம். புது இயர்ஃபோனை ராத்திரி முழுக்கப் பாட விட்டுப் பழக்குகிற பக்தர்கள் இருக்கிறார்கள். இந்த உலோக நாக்கில் பழகுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. காதில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிச் செருகினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிசு. ரப்பர் முனை சரியாக அடைக்காவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி சத்தம் காணாமலே போய்விடும். பழகுவது உங்கள் மூளை. ஒரே குரலைத் தினம் கேட்டால் இரண்டு வாரத்தில் அதுதான் நார்மல் என்று தீர்மானித்துவிடுகிறது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுச் சாம்பார் மாதிரி.

சரி, பத்து வருஷத்துக்கப்புறம் வரும் புகார்? அதில் பாதி அழுக்கு. ஈஆர்-4-ன் குழாய் முனையில் கடுகளவு பச்சை நிற ஃபில்டர் ஒன்று உண்டு. ஒலியின் தேவையில்லாத எகிறலை அடக்குவதற்கு வைத்தது. காது மெழுகையும் அதுதான் தடுக்கிறது, தடுத்துத் தடுத்து அடைத்துக்கொள்கிறது. முதலில் போவது உச்ச ஸ்தாயிகள். ஒரே நாளில் போகாது. மாசக்கணக்கில், ஜன்னல் கண்ணாடியில் தூசி படிவதுபோல, உங்களுக்கே தெரியாமல். பெட்டியிலேயே மாற்று ஃபில்டரும், பழசைத் திருகி இழுக்க ஊசி மாதிரி ஒரு கருவியும் கொடுத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குபவர்களில் பலர் அந்தச் சின்னப் பொட்டலத்தைப் பிரிப்பதே இல்லை. 'பழசு செத்துப்போச்சு' என்று அடுத்ததை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஃபில்டரையும் ரப்பர் முனையையும் மாற்றிப் பாருங்கள். பாதி சங்கீதம் திரும்பி வரும்.

மற்ற பாதிதான் விவகாரம்.

தம்புராவின் குதிரை மேல், தந்திக்கு அடியில், ஒரு நூல் வைப்பார்கள். ஜீவா என்று பேர். அதைச் சரியான இடத்தில் நகர்த்தினால் தந்தியிலிருந்து ஒரு ரீங்காரம் எழும்பும், வெள்ளிப்பொடி தூவினது போல. பழைய கச்சேரிப் பதிவுகளில் அந்தப் பொடியைக் கேட்கத்தான் நான் இதை வாங்கினதே. சென்ற வருஷம் ஃபில்டர், முனை, கேபிள் எல்லாம் புதுசு போட்டுக் கேட்டேன். தம்புரா இருந்தது. வெள்ளியைக் காணோம். பதினாறு வயசுப் பெண்ணிடம் கொடுத்தேன். 'ஜிலுஜிலுன்னு ஏதோ பின்னாடி கேக்குதேப்பா, அதுவா?' என்றாள்.

அதுதான்.

காது டாக்டரிடம் போனேன். கூண்டுக்குள் உட்கார வைத்து, பீப் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அந்தப் படத்துக்கு ஆடியோகிராம் என்று பெயர். என் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரை சமர்த்தாகப் போய், 4,000-ல் சறுக்கி, 8,000-ல் 45 டெசிபல் கீழே கிடந்தது. 'வயசுக்கு நார்மல்தான் சார்' என்று டெஸ்ட் எடுத்த பெண் ஆறுதலாகச் சொன்னாள். எனக்கு 57.

உள்காதில், நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்லியாவில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிர் செல்கள். வாசலில் இருப்பவை உச்ச ஒலிக்கு, உள்ளே போகப் போகக் கீழ் ஒலிக்கு. ஒலி அலை அந்தச் சவ்வில் எப்படிப் பயணம் போகிறது என்று கண்டறிந்த ஃபான் பெக்கெஷிக்கு 1961-ல் நோபல் கொடுத்தார்கள். முதலில் உதிர்வது வாசல்காரர்கள். மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கிறது. மனிதனுக்கு இல்லை.

2005-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில் ஹோவர்ட் ஸ்டேபில்டன் என்பவர் 'மஸ்கிட்டோ' என்று ஒரு கருவி செய்தார். 17,400 ஹெர்ட்ஸில் கீச்சிடும். கடைவாசலில் வெட்டியாய் நிற்கும் இளைஞர்களுக்கு மட்டும் எரிச்சலாகக் கேட்கும், பெரியவர்களுக்குக் கேட்காது. பையன்கள் விடுவார்களா? அதையே ரிங்டோனாக்கி, வாத்தியாருக்குக் கேட்காமல் வகுப்பில் செல்போன் வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் எல்லாருக்கும் வரும் ஆசை, வால்யூமை ஏற்றுவது. வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏற்றினால் நேரம் பாதி. 83-க்கு 20 மணி, 86-க்குப் பத்து. காதை நன்றாக அடைக்கும் இயர்ஃபோனின் நிஜமான லாபம் இங்கேதான். வெளிச்சத்தம் உள்ளே வராததால் பஸ்ஸிலும் மெதுவாக வைத்துக் கேட்க முடிகிறது. ஹாரனோடு போட்டி போட வேண்டியதில்லை. ரோடைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

நான் செய்தது வேறு. போனில் ஈக்வலைசர் போட்டு, 4,000-க்கு மேலே கொஞ்சம் தூக்கிவிட்டு, மொத்த வால்யூமை இறக்கினேன். வெள்ளி முழுசாக வரவில்லை. ஈயம் அளவுக்கு வந்தது. பெண் கேட்டுவிட்டு, 'ஐயோ, கத்துதுப்பா!' என்று பிடுங்கிப் போட்டாள். இப்போது ஒரே இயர்ஃபோனுக்கு இரண்டு செட்டிங். அவளுடையதில் எந்த மாற்றமும் கிடையாது, 1991-ல் கில்லியன் நினைத்தபடி. என்னுடையதற்கு அவளே பெயர் அடித்து சேவ் செய்திருக்கிறாள், 'தாத்தா' என்று.