கணக்குக்கு ஒரு கணக்கு

கணக்கில்லாத தொழில் உலகில் இல்லை. எங்கள் செட்டியார்பட்டியிலும் பக்கத்துத் தளவாய்புரத்திலும் நைட்டி தைக்கும் வீடுகளில், தையல் மெஷினுக்கு அடுத்த முக்கியப் பொருள் ஒரு நோட்டு. எத்தனை உருப்படி வாங்கினோம், எத்தனை தைத்துக் கொடுத்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டின் பெரிய அண்ணன்தான், ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்ற பெயரில் இன்று பெரிய நிறுவனங்களில் உலவும் அறிக்கை மென்பொருள்.

பெயர் புதிதன்று. 1958-ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் இப்பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். 2003-இல் டேப்லோ நிறுவனம் தோன்றியது. 2015-இல் மைக்ரோசாப்டின் பவர் பி.ஐ. விற்பனைக்கு வந்தது. நம் பக்கமும் சளைத்ததன்று. 1936-இல் ராஜபாளையத்தில் பஞ்சாலை கண்ட பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் குழுமத்திலிருந்து கிளைத்ததே ராம்கோ சிஸ்டம்ஸ். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவும் ‘அனலிட்டிக்ஸ்’ என்ற மென்பொருளைத் தருகிறது.

விற்பனை, இருப்பு, கூலி என்று சிதறிக் கிடக்கும் விவரங்களை ஒன்றாக்கி, அட்டவணையாகவும் படமாகவும் காட்டுவதே இவற்றின் பணி. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? விற்க வருபவர் வண்ணப் படங்களைத்தான் முதலில் காட்டுவார். பந்தல் அலங்காரத்தைப் பார்த்து மாப்பிள்ளையை முடிவு செய்யலாமா?

சென்ற ஆண்டு என் தாயார் தைத்துக் கொடுக்கும் இடத்தில், கணிப்பொறி தந்த சீட்டில் 36 உருப்படிகள் குறைந்திருந்தன. பள்ளி வாசலை மிதிக்காத அம்மா, உருப்படிக்கு ஒரு கோடு வீதம் நோட்டில் போட்டு வைத்திருந்தார். “கம்ப்யூட்டர்ல வந்ததும்மா, மாத்த முடியாது” என்றார் கணக்கர். நாள்வாரிப் பதிவைக் காட்டும்படி நான் மூன்று நாள் நடந்தேன். பிரித்துத் தைக்கத் திரும்பி வந்தவற்றைக் கழித்த மென்பொருள், மறுபடி தைத்துக் கொடுத்தவற்றைக் கூட்டவில்லை! கூலி கிடைத்தது, கூடவே எனக்கொரு பாடமும் கிடைத்தது.

என் சோதனைகள் எளியவை. மொத்தத் தொகையைத் தொட்டால், அது பிறந்த பதிவு வரை இறங்கிப் பார்க்க முடிகிறதா? ‘முடிந்த உருப்படி’ என்றால் தையல் பகுதிக்கும் கணக்குப் பகுதிக்கும் ஒரே பொருள்தானா? கணக்கு முடித்துச் சரிபார்த்த ஒரு பழைய மாதத்தின் பதிவுகளைக் கொடுத்தால், பேரேட்டில் உள்ள அதே விடை வருகிறதா? யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்க முடிகிறதா? ஆளுக்கு இவ்வளவு என மாதக் கட்டணம் உண்டென்றால், செலவுக்கு அஞ்சி மேலாளர் மட்டுமே அறிக்கையைப் பார்க்கும் நிலை வருமா? தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அது புரியுமா?

ஓர் ஒற்றன் சொன்ன செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்கு அறிவுறுத்துகிறார். கணிப்பொறியும் நமக்கு ஓர் ஒற்றனே. அதன் சொல்லையும் சரிபார்க்க வழி வேண்டும்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். உங்களுள் பலரும் அப்படித்தான். நாளை நாம் அலுவலகத்தில் அமர்ந்து இத்தகைய மென்பொருளை எழுதுவோம், அல்லது தேர்ந்தெடுப்போம். அப்போது முதலாளிக்கு அறிக்கை அழகாக இருக்கிறதா என்று மட்டும் பாராமல், அதில் ஓர் எண்ணாக நிற்பவர் கேள்வி கேட்கவும் இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். படித்ததன் பயன் அதுவே.