இறங்கத் தெரிந்தவன்

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் இருக்கும். அடிவாரத்தைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், இருபதுக்கு மேல். மூவாயிரம் அடிக்கு மேலே பால்சிலம்பு, சின்னாங்காடு, ஒன்றிக்காடு, பெரியூர் என்று மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். காப்பி, மிளகு, பலா, சாமை. நல்ல காற்று. இவ்வளவும் சொன்ன பிறகு, நான் அங்கே காற்று வாங்கப் போனேன் என்றோ, அடுத்த நாவலுக்குக் களம் தேடிப் போனேன் என்றோ வாசகர்கள் நினைக்கக்கூடும். இரண்டும் இல்லை. ஒரு சிநேகிதரின் தொலைந்துபோன கணக்கைத் தேடிக்கொண்டு போனேன். அது தொலைந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

சிநேகிதர் தர்மபுரியில் மண்டி வைத்திருக்கிறார். மலையிலிருந்து வரும் மிளகையும் காப்பிக்கொட்டையையும் வாங்கி வெளியூருக்கு அனுப்புவது தொழில். மழைக் காலத்தில் மலைக்காரர்களுக்கு முன்பணம் கொடுப்பார். அறுவடையில் சரக்காகக் கழித்துக்கொள்வார். அவருடைய தகப்பனார் காலத்தில் இதெல்லாம் சிவப்பு அட்டை போட்ட பேரேட்டில் இருந்தது. இவர் காலத்தில் கம்ப்யூட்டருக்குப் போயிற்று.

கம்ப்யூட்டரைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். முறையாகப் படித்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு வருஷத்துக்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை சொன்னார். சிநேகிதர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: “எதற்கு இவ்வளவு பணம்? என் அக்கா பையன் இருக்கிறான். கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்தால் பம்பரமாக ஆட்டுவான். மாசம் ஏதாவது கொடுங்கள், போதும்.”

அப்படிச் சொன்னதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் வாசித்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். பட்டம் இல்லாமலே இத்தனை நாவல்களை எழுதிவிட்டேன், நாலு பேர் படிக்கவும் படிக்கிறார்கள் என்ற கர்வம் உள்ளே உட்கார்ந்திருந்தது. பட்டதாரி எவரேனும் ஒரு வேலைக்கு விலை சொன்னால், ‘அதற்குப் படிப்பு எதற்கு?’ என்று கேட்பது என் சுபாவமாகவே ஆகிவிட்டது.

பையன் கெட்டிக்காரன்தான், அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டே நாளில் கணக்கை ஏற்றினான். ரசீது தானாக அச்சாகி வந்தது. சிநேகிதர் பூரித்துப் போனார். விண்டோஸ் கள்ளப் பிரதி. அதில் மூவாயிரமோ நாலாயிரமோ மிச்சம். அடிக்கடி வரும் புதுப்பிப்புகள் மெஷினை மந்தமாக்குகின்றன என்று அவற்றை நிறுத்தி வைத்தான். கணக்குக்கு ஒரு நகல் வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தினமும் சாயந்திரம் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தான். எடுத்த பென்டிரைவை அந்த மெஷினிலேயே செருகி வைத்திருந்தான். கழற்றினால் தொலைந்துவிடும் அல்லவா?

மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் மெஷினைத் திறந்தால் கணக்குகளின் பெயரெல்லாம் புரியாத எழுத்துகளாக மாறியிருந்தன. பணம் அனுப்பினால் பூட்டைத் திறப்போம் என்று ஒரு சீட்டு. செருகி வைத்த நகலுக்கும் அதே பூட்டு. பெட்டிச் சாவியைப் பெட்டியிலேயே தொங்கவிட்ட கதை.

உலகத்துக்கு இது புதிதல்ல. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற பூட்டு நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் விழுந்தது. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மட்டும் சுமார் 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அந்த மருந்துக்குப் பெயர்தான் புதுப்பிப்பு. மெஷினை மந்தமாக்குகிறது என்று என் மருமகன் நிறுத்தி வைத்தானே, அந்த வஸ்து.

பூட்டியவனுக்குப் பணம் அனுப்ப சிநேகிதர் சம்மதிக்கவில்லை. “மலைக்குப் போய் ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம், வாருங்கள்” என்றார். ‘உங்கள் பையனால்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மண்டி வேனில் ஏறினோம். ஏறக்குறைய நாற்பது குடும்பங்கள். இரண்டு நாள் வீடு வீடாகப் போய், “எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள், எவ்வளவு சரக்கு போட்டீர்கள்?” என்று கேட்டோம். கடன் கொடுத்தவன் கடன்காரனிடம் போய்க் கணக்குக் கேட்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு வீட்டில் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். எங்கள் கம்ப்யூட்டரைவிட அந்த நோட்டு உறுதியாக இருந்தது.

ஒரு பெரியவர் சொன்னார்: “ஆவணியிலே பேத்தி கலியாணத்துக்கு நாலாயிரம் வாங்கினேன் மொதலாளி. எழுதிக்குங்க.” சிநேகிதருக்கு அது நினைவே இல்லை. பெரியவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த நாலாயிரம் போனதுதான். எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. ஒருவர், தாம் போட்ட ஒரு மூட்டை மிளகுக்கு இன்னும் பணம் வரவில்லை என்றார். கொடுத்த ஞாபகம் சிநேகிதருக்கு. வாங்காத ஞாபகம் அவருக்கு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றியது. சிநேகிதர் பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அடுத்த வருஷம் அவர் சரக்கை வேறு மண்டிக்குக் கொண்டு போனார். தகப்பனார் காலத்து உறவு அது. பணம் போனதைவிட சிநேகிதருக்கு இதுதான் உறுத்தியது.

நாலாயிரம் வாங்கிய பெரியவர் வேர், பச்சிலை தெரிந்தவர் என்று சொன்னார்கள். “நீங்கள் வைத்தியம் பார்ப்பீர்களாமே?” என்று கேட்டேன். “வேரு தெரியும் சாமி. வைத்தியம்னு சொல்ல முடியுமா? வயித்து வலி, காய்ச்சல்னா குடுப்பேன். பாம்பு கடிச்சா தொடமாட்டேன். தர்மபுரிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்கன்னுடுவேன்” என்றார்.

ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. ஆயிரம் வேரைக் கண்டும் அரைதானா என்று முன்பெல்லாம் எனக்குத் தோன்றும். மீதி அரை என்ன என்று அந்தப் பெரியவர் காட்டிவிட்டார். தன் கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரிவதுதான் அது. என் மருமகனுக்கு வேர்கள் தெரியும். எதைத் தொடக்கூடாது என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்கப்படாதவனிடம் நாற்பது குடும்பத்துக் கணக்கைத் தூக்கிக் கொடுத்தது நான்.

ஊருக்குத் திரும்பியதும் இந்த மாதிரி விபத்துகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 2016 பிப்ரவரியில் வங்காள தேசத்து மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் திருடர்கள் புகுந்தார்கள். 35 உத்தரவுகள் மூலம் நியூயார்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து 95 கோடி டாலரை உருவப் பார்த்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயே போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி, ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லில் இருந்த எழுத்துப் பிழையால் சந்தேகம் எழுந்து திரும்பியது. எழுத்துப் பிழையால் ஒரு நன்மை விளைந்தது என்று நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான். மத்திய வங்கியின் அந்த அறையில் பத்து டாலர் விலையுள்ள பழைய இணைப்புக் கருவிகள் இருந்தன, தீச்சுவர் என்னும் பாதுகாப்பு இல்லை என்று விசாரித்த போலீஸ் அதிகாரி சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. பத்து டாலர் மிச்சம்! எங்கள் கள்ளப் பிரதியின் அண்ணன்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய விவரம் ஒன்று உண்டு. பரிவர்த்தனைகளை அச்சடிக்கும் பிரிண்டரைத் திருடர்கள் முதலில் முடக்கினார்கள். காலையில் வந்த ஊழியர்கள், வழக்கமான கோளாறு என்றே எண்ணினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2018 பிப்ரவரியில், நம் கும்பகோணத்தில் 1904-ல் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியிலும் இப்படி நடந்தது. ஸ்விஃப்ட் வழியாக மூன்று பொய் உத்தரவுகள். கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். அங்கேயும் பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்க்கும்போது வங்கிக்காரர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு தொகையை உடனே தடுக்கவும் முடிந்தது. தினமும் ஒத்துப் பார்ப்பது என்ற பழைய ஒழுங்கு காப்பாற்றியது.

பிரிண்டர் ஓடவில்லை என்றால் என் மருமகன் என்ன செய்வான்? அரை மணியில் ஓட வைத்துவிடுவான். நாமும் சபாஷ் என்போம். பயின்றவன், ஓட வைப்பதற்கு முன்னால் ‘ஏன் நின்றது?’ என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்விக்குத்தான் சம்பளம்.

படித்தவர்கள் தவறுவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். 2017 ஜனவரி 31-ந் தேதி கிட்லேப் என்ற பெரிய ஸ்தாபனத்தில், கைதேர்ந்த பொறியாளர் ஒருவர் இரவில் களைப்போடு வேலை செய்தபோது, வேறு மெஷின் என்று நினைத்து உண்மையான தகவல் களஞ்சியத்திலேயே கை வைத்துவிட்டார். ஏறக்குறைய 300 கிகாபைட் அழிந்தது. ஐந்து விதமாக நகல் எடுக்க ஏற்பாடு இருந்தும் சமயத்தில் ஒன்றும் சரியாக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. ஆனால் அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. எந்தெந்த இடத்தில் தவறினோம் என்று உலகமே படிக்கும்படி எழுதி வைத்தார்கள். தவறை எழுதி வைத்து, அடுத்தவன் அதைப் படித்துத் திருந்தும்போதுதான் ஒரு வேலை தொழிலாகிறது. கெட்டிக்காரத்தனம் தனி ஆளோடு போய்விடும், தொழில் நிற்கும்.

மண்டியில் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. எடைக்கல்லுக்கு முத்திரை உண்டு. வரிக் கணக்கை ஆடிட்டர் பார்க்கிறார். இத்தனைக்கும் நடுவில், எல்லாக் கணக்கும் குடியிருக்கிற பெட்டியை மட்டும் ‘நம்ம பையன்’ பார்த்துக்கொண்டான்! 2023-ல் தனிமனிதர் தகவல் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பில் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. மண்டிக்காரருக்கு அவ்வளவு பெரிய தண்டம் வரப்போவதில்லை. அவருக்கு வந்த தண்டம் ஒரு பழைய உறவு.

பட்டம் இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டம் வாங்கிய அரை வைத்தியர்களும் உண்டு. ஆளை வைக்கும்போது மூன்று கேள்வி கேட்கலாம். நகல் எங்கே, வேறு கட்டடத்தில் இருக்கிறதா? அதை எடுத்துத் திறந்து பார்த்தது எப்போது? நாளைக்கு நீ வராவிட்டால் சாவி யாரிடம்? பதில் சொல்லத் திணறுகிறவன் எவ்வளவு வேகமாக விரலை ஓட்டினாலும் கணக்கு அவனிடம் பத்திரமாக இல்லை. என் கதை சரியாக வராவிட்டால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்புவார். நஷ்டம் எனக்கு மட்டும். பிறத்தியாருடைய பொருளைத் தொடுகிற வேலை அப்படி அல்ல. இந்த வித்தியாசம் எனக்கு இத்தனை வயசுக்கு மேல்தான் உறைத்தது.

மலையிலிருந்து இறங்கும்போது வேன் டிரைவர் ஒன்று சொன்னார். இறக்கத்தில் வேன் உறுமிக்கொண்டே வந்தது. நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகாதா என்று நான் கேட்டேன். இங்கேயும் மிச்சம் பிடிக்கும் யோசனைதான்!

“ஏறின கியர்லேயே இறங்கணும் சார். நியூட்ரல்ல விட்டா மிச்சம்னு நெனக்கிறவன் ஒரு தடவைதான் நெனப்பான். ஏறுறது யாரு வேணாலும் ஏத்திடுவாங்க. இறக்கத் தெரிஞ்சவன்தான் டிரைவர்” என்றார்.

பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த என் மருமகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாளும் எங்களோடு வீடு வீடாக வந்து, ஒவ்வொரு கணக்கையும் தன் கையாலே எழுதினவன் அவன். வழி நெடுக ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வருஷம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில், தெரிந்தவர்களுக்குக் கீழே வேலை பார்க்கிறான். மண்டியை முறையாகப் படித்த ஒருவர் கவனிக்கிறார். அன்று சொன்ன அதே தொகைக்குக் கொஞ்சம் மேலே வாங்குகிறார். ஆனாலும் பையன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு நடை மண்டிக்குப் போகிறான். அவரிடம் அனுமதி கேட்டு, வேறு இடத்தில் வைத்திருக்கும் நகலை வரவழைத்து, தனி மெஷினில் திறந்து பார்க்கிறான். எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. பெரியவரின் பெயருக்கு நேரே, ஆவணி மாதம், நாலாயிரம் ரூபாய் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறான். இருந்தால் மூடிவிட்டு எழுந்து வருகிறான்.