தொட்டுப் பார்த்த சுவர்

ஹவுராவில் காலையில் ஏறினால் சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸ் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போல்பூரில் இறக்கிவிடும். பெட்டிக்குள் ஒரு பாவுல் பாடகர் ஒற்றை நரம்பை மீட்டிக்கொண்டே வந்தார். ஸ்டேஷன் வாசலில் டோட்டோ வண்டிக்காரர்கள் மொய்த்தார்கள். "தாகூர் வீடா, சோனாஜுரி சந்தையா?" என்றார் ஒருவர். "பினோத் பிகாரி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "கலாபவனம்" என்றதும் வண்டி கிளம்பியது.

ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியை நான் முதலில் அறிந்தது திரையில்தான். சத்யஜித் ராய் 1972-இல் தம் ஆசிரியரைப் பற்றி எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படத்தில், கறுப்புக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் காகிதத்தை மடித்துக்கொண்டிருப்பார். பார்வை இல்லாதவர் ஒரு சுவரை நிரப்பப் போகிறார் என்பது சில நிமிடங்கள் கழித்துத்தான் நமக்கு உறைக்கும். அந்தச் சுவரைப் பார்க்கத்தான் வந்தேன்.

சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவன வளாகத்தில் அது பரபரப்பில்லாமல் நிற்கிறது. சுட்ட களிமண் ஓடுகளில் மனித உருவங்கள். முகத்தில் நுணுக்கம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு உடம்பும் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே முட்டி மடங்குகிறது என்பது தெளிவு. தாளை மடித்தால் கிடைக்கும் கோணங்கள் அப்படியே ஓட்டில் இருக்கின்றன. அவர் மடித்தும் வெட்டியும் தந்த வடிவங்களை மாணவர்களும் உதவியாளர்களும் ஓடுகளாக்கினார்கள். கை வைத்துப் பார்க்கலாமா என்று காவலாளியிடம் கேட்டேன். "செய்தவரே கையால்தானே பார்த்தார்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீருக்குப் போய்விட்டார்.

1904-இல் பிறந்தவர் பினோத் பிகாரி. பிறப்பிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. சாதாரணப் பள்ளிகள் ஏற்காத பையனைத் தாகூரின் ஆசிரமப் பள்ளி ஏற்றுக்கொண்டது. 1919-இல் கலாபவனம் தொடங்கியபோது நந்தலால் போஸின் முதல் மாணவர்களில் அவரும் ஒருவர். ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில், கண் அறுவை சிகிச்சை பலிக்காமல் இருந்த பார்வையும் போயிற்று. அதன்பின் வண்ணத்தாளும் கத்தரிக்கோலும் பசையும் அவர் கைக்கு வந்தன. கோட்டை அழித்துத் திருத்துவதற்குக் கண் வேண்டும். வெட்டிய தாளின் விளிம்பை விரலே படித்துவிடும். நிறத்தை மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

இதைக் கண்ணிழந்தவரின் ஆறுதல் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று பிற்பகல் இந்தி பவனத்துக்குள் போன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

என்னை அழைத்துப் போன ஆராய்ச்சி மாணவி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "கழுத்து வலிக்கும், உட்கார்ந்து பாருங்கள்" என்றாள். கூடத்தின் மூன்று சுவர்களிலும் மேற்பாதி முழுக்க இடைக்காலத்துப் பக்தர்கள். பார்வை முழுவதும் போவதற்கு முன், 1946-47இல் பினோத் பிகாரி தீட்டியது. இராமானுசர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் என்று காலமும் ஊரும் மாறிக்கொண்டே போகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவரை வங்காளச் செம்மண் பூமியில் பார்த்ததும் ஊர்க்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. ஞானிகள் பீடத்தில் இல்லை. சுமை தூக்குகிறவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறவர்கள் நடுவே தாங்களும் நடக்கிறார்கள். ஒரு நதி மூன்று சுவர்களிலும் திரும்பித் திரும்பி ஓடுவது போன்ற அமைப்பு.

இது ஈரச் சாந்து ஓவியம். இந்த வேலையைச் சொன்னால் நம் ஊர்க் கொத்தனாருக்கு உடனே புரியும். நீற்றி நாள்பட வைத்த சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துப் பூசி, காய்வதற்குள் வண்ணம் தீட்ட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் திருத்தம் கிடையாது. கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். ஆகவே இன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே இன்று சாந்து. நாளைய துண்டு இன்றைய துண்டின் ஓரத்தில் வந்து உட்காரும்.

சாரத்தின் மேல் ஒற்றைக் கண், அதிலும் கிட்டப்பார்வை. எதிரே கை நீளத்துச் சுவர்தான் தெரிந்திருக்கும். முழு அளவு மாதிரிப்படம் வரைந்து ஒற்றி எடுக்கும் வழக்கத்தையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. முழுச் சுவரும் மனசில் இருந்தது. கைக்கு வந்தது ஒவ்வொரு துண்டாக. உதவிக்கு நின்ற மாணவர்களில் கே.ஜி. சுப்ரமணியனும் ஒருவர். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் பின்னாளில் இதே வளாகத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு கட்டடத்தையே போர்த்தியிருக்கிறார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது இதுதான்: ஒட்டுச் சித்திரம் அவருக்குக் கண் போன பிறகு வந்த தொழில் இல்லை. கண் இருந்த காலத்திலேயே அவர் துண்டு துண்டாகத்தான் சேர்த்துக்கொண்டிருந்தார்.

சேர்ப்பதற்கு நடுவே விடுவதையும் அவர் கற்றிருந்தார். அது கிழக்கிலிருந்து வந்த பாடம். ஜப்பானியச் சிந்தனையாளர் ஒகாகுரா 1902-இல் கல்கத்தா வந்தார். நந்தலால் 1924-இல் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனார். 1937-இல் இங்கே சீன பவனம் திறந்தது. அதே ஆண்டு பினோத் பிகாரி ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். தூரிகை படாத இடமும் படத்தில் பேசும் என்பது அந்த மரபு. மூடுபனி என்று எழுதிக்காட்டாமல் தாளை வெறுமனே விட்டுவிடுவார்கள்; பார்ப்பவர் பனியில் நடந்துகொள்வார். ஓட்டுச் சுவரில் உருவத்துக்கும் உருவத்துக்கும் இடையே இருந்த வெற்றிடத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். அதை நிரப்பியிருந்தால் கூட்டம்தான் மிஞ்சியிருக்கும். விட்டதால் ஒவ்வொருவரும் நடக்கிறார்கள்.

மறுநாள் காலை பனி விலகுவதற்கு முன்பே டோட்டோக்காரர் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார். வீரபூம் மாவட்டத்தில் காந்தா தையல் வீட்டுக்கு வீடு உண்டு. மண் திண்ணையில் ஐந்து பெண்கள், நடுவில் விரித்த டஸ்ஸர் பட்டுச் சேலை. மெல்லிய தாளில் வரைந்த படத்தை ஊசியால் துளைத்து, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் கரைத்த நீலப்பொடியைத் தேய்க்கிறார்கள். புள்ளிகள் இறங்கியதும் ஓட்டுத் தையல் தொடங்குகிறது.

"ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும் தீதி?"

"நாளா? மாதம் கேளுங்கள் தாதா" என்று சிரித்தார் மூத்தவர். இந்தச் சேலை துர்கா பூஜை முடிந்ததிலிருந்து நடக்கிறதாம். துணியும் நூலும் வியாபாரி தருகிறார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூத்தவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. பேத்திதான் ஊசி கோத்துக் கொடுக்கிறாள். அதன்பின் அவர் துணியைப் பார்ப்பதே இல்லை. இடது கை ஆட்காட்டி விரல் அடியிலிருந்து தையலை எண்ணுகிறது. வலது கை அதன் பின்னால் போகிறது. பேச்சு என்னோடு.

வியாபாரத்துக்குப் பட்டு; வீட்டுக்குப் பழைய சேலை. உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நைந்த பருத்திச் சேலைகளை அடுக்கி, கிழிசல் மேல் துண்டு வைத்து, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த போர்வை. காந்தாவும் நம் கந்தையும் ஒரே வேர்ச் சொல் என்பார்கள். புத்தபிக்குகளின் காவியும் துண்டுகளைத் தைத்துச் சேர்த்ததுதான். மகதத்து வயல்களின் வரப்பு அமைப்பைக் காட்டி அதுபோல் தைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக விநய பிடகம் சொல்கிறது. கிழிசலை மறைக்காமல் வரிசையில் சேர்த்துக்கொள்வது இந்தப் பக்கத்துப் பழைய அறிவு. ஒரு ஓவியர் அதைக் கத்தரிக்கோலால் செய்தார். இவர் ஊசியால் செய்கிறார்.

கலாபவனச் சுவர்களை யார் செய்தார்கள் என்பது புத்தகங்களில் இருக்கிறது. 2023-இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியபின் பார்க்க வருகிறவர்களும் உண்டு. கடையில் தொங்கும் காந்தாச் சேலையின் சீட்டில் விலை இருக்கிறது. தைத்தவர் பெயர் இல்லை. நீங்கள் வாங்கும்போது துணியைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். நல்ல கை அங்கேதான் தெரியும். யார் தைத்தது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாமவருக்காவது பதில் வைத்திருப்பார்.

திண்ணையிலிருந்து எழும்போது ஒரு கைக்குட்டை அளவுத் துண்டை வாங்கிக்கொண்டேன். முந்நூறு ரூபாய் கேட்டார். கொடுத்ததும் நோட்டுகளை விரலால் தடவிப் பார்த்து எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார்.