செங்கணியானும் மயிலாப்பூர்த் தண்ணீரும்

மயிலாப்பூரில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்வதால் அதைப் பற்றி ஒருமையில் எழுத வரவில்லை. கொளத்தூரிலிருந்து ஆறு 'மிஸ் கேரளா' மீன்களைப் பையோடு மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். வெள்ளியுடல், மூக்கிலிருந்து வால்வரை கறுப்புக் கோடு, அதன்மேல், கண்ணைக் கடந்து பாதியுடலோடு நின்றுவிடும் சிவப்புக் கோடு. மலையாளத்தில் செங்கணியான் என்கிறார்கள். அழகிப் போட்டிப் பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

அறிவியல் பெயர் சஹ்யாத்ரியா டெனிசோனீ. பெயரின் பின்பாதியில் நம் ஊரும் இருக்கிறது: வில்லியம் டெனிசன் 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநர். திருவிதாங்கூர் மலையாற்று மீனுக்கு 1865இல் அவர் பெயரைச் சூட்டியவர், சென்னை ராணுவத்தின் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே. கிண்டி ஆளுநர் மாளிகையின் மதிலைக் கடக்கும்போதெல்லாம் "நம்ம மீனோட தாத்தா வீடு" என்பார் அண்ணன்.

1997இல் சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில் பரிசு பெற்றபின் இம்மீனை உலகம் கேட்கத் தொடங்கியது. கேரள, கர்நாடக ஆறுகளுக்கு வெளியே இயற்கையில் எங்குமில்லாத உயிர். ஆற்றிலிருந்தே வாரிச் சென்றார்கள். இன்று அது அழியும் அபாயத்திலுள்ள இனம். இதையெல்லாம் வாங்கியபின்தான் படித்தோம். ஆற்று மீனா, பண்ணை மீனா என்று கடைக்காரரிடம் கேட்டால், "மீன் மீன்தானே சார்!" என்று சிரித்தார்.

குஞ்சு பொரிக்க வைத்துவிட்டால் குற்றவுணர்வு தீரும் என்று எண்ணினோம். ஆண் பெண் பிரித்தறிவதே கடினம். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள். அதற்குமுன் குளிர்ந்து ஓடும், பிராணவாயு நிறைந்த நீர் வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரும் மே மாத வெயிலும். ஓர் இரவு மின்சாரம் போயிற்று. காற்று பம்பு நின்றது. எழுந்தது விடியலில். இரண்டு மீன்கள் மிதந்தன. முட்டை என்ற பேச்சை அத்தோடு விட்டோம்.

மீதி நான்கும் பம்பின் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே வரிசையில் நிற்கின்றன. கூட்டமாக வாழும் மீனுக்கு நான்கு போதாது. இன்னும் நான்கு வாங்கலாமா என்று சென்ற வாரமும் பேசிக்கொண்டோம். பண்ணை மீன்தான் என்று யார் எழுதித் தருவார்கள் என்ற இடத்தில் பேச்சு நின்றது.