ஒண்ணுமில்லன்னு சொல்லிடு

"எப்படி இருக்கீங்க?" என்று நேயர்களைக் கேட்பது என் வேலையில் பாதி. வானொலியில் இரவு நேர நிகழ்ச்சி செய்யத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களைக் கேட்டுவிட்டேன். "எனக்கு மனச்சோர்வு" என்று தமிழ் முதியவர் ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "சோறு இறங்கல", "தலைக்குள்ள வண்டு குடையுற மாதிரி இருக்கு" என்பார்கள். சொல்வது உடம்பைப் பற்றி, வலிப்பது மனம். பாட்டை ஒலிபரப்பிய பிறகும் சிலர் இணைப்பிலேயே இருப்பார்கள். தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும்: "ஏம்மா, தமிழ்ல பேசுற மனநல டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?"

அந்தக் கேள்வியின் கனம் என்னவென்று எங்கள் குடும்பத்திலேயே நான் பார்த்தேன்.

ஜாலான் புசார் பக்கம் வீவக வீட்டில் இருக்கிறார் என் பெரியம்மா. பெரியப்பா காலமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. சாயங்காலம் விளக்கேற்றும்போது பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழுகிறது என்பார். அதில் அவருக்குப் பயமில்லை, ஒருவகை ஆறுதல்கூட. ஆனால் தூக்கம் போயிருந்தது, சாப்பாடு குறைந்திருந்தது, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. மகளுக்கு விடுப்பு கிடைக்காததால், பதினைந்து வயதுப் பேரன் அவரை மருத்துவரிடம் அழைத்துப்போனான்.

மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்க, பேரன் தமிழில் சொன்னான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா? உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா? இரண்டாவது கேள்வியைத் தமிழில் சொல்லும்போது பையனின் குரல் உடைந்துவிட்டது. பெரியம்மா அவன் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லன்னு சொல்லிடுய்யா" என்றார்.

பிறகு என்னிடம்தான் உண்மையைச் சொன்னார். "தோணுச்சும்மா. ஆனா அந்தப் பிள்ளை வாயால கேட்டு, அவன் காதுல விழுற மாதிரி எப்படிச் சொல்வேன்? ராத்திரி அவன் தூங்குவானா?"

அந்த அறையில் யாரும் தப்புச் செய்யவில்லை. மருத்துவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். பேரன் தனக்குத் தெரிந்த தமிழில் முயன்றான். பெரியம்மா பேரனைக் காப்பாற்றினார். ஆனாலும் சொல்லப்பட வேண்டிய ஒன்று சொல்லப்படாமலே போனது.

இதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு: பண்பாட்டுப் பாதுகாப்பு. நியூசிலாந்தில் பிறந்த சிந்தனை இது. 1988ல் ஒரு கூட்டத்தில் மாவோரி இனத்தைச் சேர்ந்த தாதிமை மாணவி ஒருவர், சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். இரிஹாபெத்தி ராம்ஸ்டன் என்ற மாவோரி தாதி அதை ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தார். 1992ல் அந்நாட்டுத் தாதிமை மன்றம் அதைப் பயிற்சியின் அங்கமாக்கியது. கோட்பாட்டின் சாரம் எளியது: கிடைத்த பராமரிப்பு பாதுகாப்பானதா என்பதைக் கொடுத்தவர் முடிவு செய்ய முடியாது, பெற்றவர்தான் சொல்ல வேண்டும்.

அண்டை நாடான ஆஸ்திரேலியாவில் இதன் அவசியம் இன்னும் ஆழமானது. அங்கே பல தலைமுறைகளாகப் பழங்குடிக் குழந்தைகளை அரசு அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அதற்காக 2008 பிப்ரவரி 13ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். உதவி செய்ய வந்தேன் என்று அதிகாரி கதவைத் தட்டினால், அந்தக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பறிபோன பிள்ளைகள். அதனால்தான் 1971லேயே சிட்னியின் ரெட்ஃபர்ன் வட்டாரத்தில் பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். 2022ல் தங்களுக்கென நெருக்கடிகால உதவித் தொலைபேசிச் சேவையையும் கொண்டுவந்தார்கள். எடுத்துப் பேசுபவரும் அதே சமூகத்தவர். சேவையின் பெயரிலேயே 'யார்ன்' என்ற சொல் இருக்கிறது. உட்கார்ந்து கதை பேசுவது என்று பொருள். அவர்களுக்கு மனநலம் என்பது தனி ஆளின் தலைக்குள் இருக்கும் விஷயமல்ல. நிலம், உறவு, முன்னோர் எல்லாம் அதில் சேர்த்தி. துக்கத்தில் இருப்பவருக்கு இறந்தவரின் குரல் கேட்டால், அதை உடனே நோயென்று எழுதிவிடக் கூடாது என்பதை அங்குள்ள மருத்துவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். படித்தபோது பெரியம்மாவின் விளக்கு நேரம்தான் கண்முன் வந்தது.

தமிழர்களிடையேயும் இந்தச் சிந்தனைக்கு முன்னோடி உண்டு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் ஒரு மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதினார். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியில் இந்துக்களுக்கு ஓம், கிறிஸ்தவர்களுக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ரு என்று அவரவர் நாவில் ஏற்கெனவே இருந்த சொற்களையே பயன்படுத்தினார்.

தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பற்றிய ஆய்வு 2002ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த, கடும் மனநோய் கொண்ட 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. கட்டிவைப்பதில்லை, அடிப்பதில்லை. கூடவே குடும்பத்தார் ஒருவர் தங்கினார், தோட்ட வேலை போன்ற சிறு வேலைகளைச் செய்தார்கள்.

அப்படியானால் நம் வழக்கம் எல்லாமே மருந்துதானா? இல்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். அவர்களைக் கட்டியவர்களும் நம் மொழிதான் பேசினார்கள். சொந்த மொழி, சொந்த நம்பிக்கை என்பதாலேயே ஓர் இடம் பாதுகாப்பானதாகிவிடாது. அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார்?

நம் ஊருக்கு வருவோம். மனநலக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, சிங்கப்பூரில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலப் பாதிப்பு வருகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் எந்த நிபுணரிடமும் போகவில்லை. இன்னொரு கணக்கு: வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் வீடுகளில் நடப்பது புரியும். மன உளைச்சலை ஆங்கிலத்தில் அழகாக விளக்கத் தெரிந்த பேரனும், "மனசு விட்டுப்போச்சு" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பாட்டியும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சையது ஆல்வி சாலையில் நடந்தால் அந்தப் பாட்டியின் நிலையில் ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பார்க்கலாம். கடன், குடும்பம், தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் ஊருக்குத் தொலைபேசியில் "நல்லா இருக்கேன்மா" என்று சுருக்கிவிடுபவர்கள். கொவிட் காலத்தில் விடுதிகளுக்குள் அடைபட்ட பிறகு, 2020 நவம்பரில் மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர்களின் மனநலத்துக்கென ஒரு பணிக்குழு அமைத்தது. 2006 முதல் இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பும் அவர்களுக்கு ஆலோசனை அளிக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் சேவை இருக்கிறது என்பது பாதிதான். கூச்சமின்றி வாய்திறக்க முடிகிறதா என்பது மீதி.

பெரியம்மாவுக்கு அந்த மீதியும் கிடைத்தது. வேறோர் இடத்தில் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் அமைந்தார். முதல் நாள் அரை மணி நேரம் பெரியப்பாவைப் பற்றியே கேட்டாராம். அவர் என்ன சாப்பிடுவார், எப்படிக் கோபப்படுவார், கூப்பிடும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவார். அதன் பிறகுதான் அந்தக் கடினமான கேள்வி வந்தது. இம்முறை பெரியம்மா மறைக்கவில்லை. மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார், விளக்கும் ஏற்றுகிறார்.

வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போகும் உங்களுக்குச் சில வார்த்தைகள். சந்திப்புக்குப் பதிவு செய்யும்போதே, தமிழ் பேசும் ஊழியரோ மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பாரா என்று கேளுங்கள். கேட்பது சலுகையல்ல. பிள்ளைகளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். சிறிது நேரம் அவர் தனியாகப் பேச இடம் கொடுங்கள். வெளியே வந்ததும் "டாக்டர் என்ன சொன்னார்?" என்பதற்கு முன்னால், "நீங்க சொல்ல நெனச்சதைச் சொல்ல முடிஞ்சுதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறோர் இடம் தேடுங்கள்.

அவசரம் என்றால் காத்திருக்க வேண்டாம். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767, தேசிய மைண்ட்லைன் 1771. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. எண்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாது.